சிக்கனக்காரர்களே, எந்த அன்றாடப் பொருளுக்கு மட்டும் கூடுதலாகக் கொடுக்கத் தயங்க மாட்டீர்கள்?

வைகைக்கரை (மதுரை) எழுதியது:

ஆடித் தள்ளுபடி தொடங்கிவிட்டது. நாளிதழை விரித்தால் செய்தியைவிட விளம்பரம்தான் முதலில் கண்ணில் படுகிறது. பட்டியல் எழுதாமல் கடைக்குப் போகாத, மூன்று இடத்தில் விலை விசாரிக்காமல் எதையும் எடுக்காத குடும்பம் எங்களுடையது. மாதச் சம்பளத்தில் இரண்டு பிள்ளைகளைப் படிக்கவைப்பவர்களுக்கு வேறு வழியும் இல்லை. ஆனாலும் சில பொருள்களில் மட்டும் விலை குறைந்ததை எடுப்பது சிக்கனத்தில் சேராது என்றே நினைக்கிறேன். அப்படிப்பட்ட பொருள்களை இங்கே பேசலாம். நாள்தோறும் புழங்கும் பொருளாக இருக்கட்டும். கைப்பேசி, கார், நகை எல்லாம் வேண்டாம். "தரமாக இருக்கும்" என்று பொதுவாகச் சொல்லிவிடாமல், கூடுதலாகக் கொடுக்கும் பணம் அந்தப் பொருளின் எந்தப் பகுதியில் போய்ச் சேருகிறது என்பதையும் சொன்னால் என்னைப் போன்றவர்களுக்கு உதவும்.

என் பங்குக்கு பிஎல்டிசி என்னும் மின்னணு மோட்டார் வைத்த மின்விசிறியைச் சொல்கிறேன். சாதாரண விசிறி முழு வேகத்தில் சுமார் 75 வாட் எடுக்கும். இது 30 வாட் அளவிலேயே ஓடிவிடுகிறது. ஒரு நாளைக்குப் பதினைந்து மணி நேரம் சுற்றும் கூடத்து விசிறியை எடுத்துக்கொண்டால், இரண்டு மாதக் கணக்கெடுப்பில் ஏறத்தாழ 40 யூனிட் மிச்சம். நம் மின்கட்டணத்தில் 500 யூனிட்டுக்கு மேற்பட்ட பகுதிக்கு யூனிட்டுக்கு எட்டு ரூபாய்க்கு மேல் ஆகிறது. தவிரவும் அந்தக் கோட்டைத் தாண்டியவுடன் கீழ்ப்படிகளில் கிடைத்துவந்த மானியத்தில் ஒரு பகுதியும் கழன்றுவிடுகிறது. கோடையில் எங்கள் வீடு சரியாக அந்தக் கோட்டின் மேல்தான் நிற்கும். ஆகவே கூடுதலாகக் கொடுத்த 1,500 ரூபாய் ஓர் ஆண்டுக்குள் திரும்பிவிடுகிறது. மின்வெட்டின்போது இன்வெர்ட்டரில் அதிக நேரம் ஓடுவது தனி ஆதாயம்.


நெல்லைச்சீமை (பாளையங்கோட்டை) எழுதியது:

வைகைக்கரை ஐயாவின் கணக்கு அவர் வீட்டுக்குச் சரி. எல்லார் வீட்டுக்கும் சரியாகாது. நாங்கள் வயதானவர்கள் இருவர் மட்டும் இருக்கும் வீடு. இரண்டு மாதத்துக்கு 200 யூனிட்டைத் தாண்டுவதே அரிது. முதல் 100 யூனிட்டுக்குக் கட்டணம் இல்லை. அடுத்த நூறு யூனிட்டுக்கு மானியம் போக இரண்டரை ரூபாய்க்கும் குறைவுதான். நீங்கள் சொல்லும் 40 யூனிட் எனக்கு நூறு ரூபாய்கூட மிச்சப்படுத்தாது. போட்ட பணம் திரும்ப இரண்டரை ஆண்டுக்கு மேலாகும்.

இன்னொன்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும். பழைய விசிறி மெதுவாகச் சுற்றினால் பெரும்பாலும் கண்டென்சர் போயிருக்கும். தெருமுனைக் கடையில் சொற்பக் காசுக்கு வாங்கி நாமே மாற்றிவிடலாம். காயில் கருகினால் வைண்டிங் கட்டித் தர ஊருக்கு ஊர் ஆள் உண்டு. பிஎல்டிசியில் உள்ளிருக்கும் மின்னணுப் பலகை போனால், அந்த நிறுவனத்தின் பலகையே வேண்டும். உத்தரவாதக் காலம் முடிந்திருந்தால் பல நூறு ரூபாய் ஆகும், அதுவும் அந்த மாடல் இன்னும் விற்பனையில் இருந்தால்தான் கிடைக்கும்.


வைகைக்கரை (மதுரை) எழுதியது:

நியாயமான மறுப்பு. அப்படியானால் வீட்டின் மின்கட்டணப் படியைப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். அதிலும் நாள் முழுதும் ஓடும் ஒரு விசிறியை மட்டும் மாற்றினால் போதும் என்று திருத்திக்கொள்ளலாம். விருந்தினர் அறையில் இரவு மட்டும் சுற்றும் விசிறிக்கு இந்தச் செலவு வீண்தான். உத்தரவாதம் எத்தனை ஆண்டு என்பதை விலைக்கு முன்பாகவே கேட்க வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்கிறேன்.


ஒயர்மேன் (திருச்சி) எழுதியது:

மின்கட்டணத்தை மிச்சப்படுத்த இவ்வளவு கணக்குப் போடுகிறோம், நல்லது. ஆனால் வேலைக்குப் போகும் வீடுகளில் நான் பார்ப்பது வேறு. கூடத்தில் நாற்பதாயிரம் ரூபாய்த் தொலைக்காட்சி இருக்கும். மெயின் போர்டைத் திறந்தால், மின்கசிவைக் கண்டதும் இணைப்பைத் துண்டிக்கும் ஆர்சிசிபி இருக்காது. சுமார் இரண்டாயிரம் ரூபாய்ப் பொருள் அது. இந்த இழையில் ஒன்றே ஒன்றுக்குத்தான் இடம் என்றால் நான் அதைத்தான் சொல்வேன்.

பலரும் "எம்சிபி போட்டிருக்கிறோமே" என்பார்கள். பளு கூடினால் தானாக விழுந்து இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்தான் எம்சிபி; அது ஒயரைக் காப்பாற்றுவது. ஆளைக் காப்பாற்றுவதற்காகச் செய்யப்பட்டது அன்று. 16 ஆம்பியர் எம்சிபி என்றால் 16,000 மில்லி ஆம்பியர் வரை அது சும்மா இருக்கும். மனித உடலுக்குள் அதில் ஆயிரத்தில் சில பங்கு பாய்ந்தாலே இதயம் தாளம் தப்பிவிடக்கூடும். ஆர்சிசிபி என்ன செய்கிறது என்றால், பேஸில் உள்ளே போகும் மின்னோட்டத்தையும் நியூட்ரலில் திரும்பி வரும் மின்னோட்டத்தையும் இடைவிடாமல் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கிறது. ஈரத்தரையில் நின்று கிரைண்டரைத் தொட்ட ஒருவரின் உடல் வழியாகக் கொஞ்சம் மின்சாரம் பூமிக்குப் போய்விட்டால், திரும்பி வருவதில் அந்த அளவு குறையும். அந்த வித்தியாசம் 30 மில்லி ஆம்பியரை எட்டுவதற்குள், நொடியின் சிறு பகுதியில், இணைப்பைத் துண்டித்துவிடும்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியது: அதே உருவத்தில் 100, 300 மில்லி ஆம்பியர் வகைகளும் கடையில் உண்டு. அவை தீ விபத்துத் தடுப்புக்கு உதவுபவை. ஆள் பாதுகாப்புக்கு 30 என்று அச்சிட்டதைத்தான் கேட்டு வாங்க வேண்டும். அதில் "டி" என்று எழுதிய சிறு பொத்தான் ஒன்று இருக்கும். மாதம் ஒரு முறை அதை அழுத்தினால் உடனே விழ வேண்டும், விழாவிட்டால் அந்தக் கருவியை நம்பக் கூடாது. ஒருவர் ஒரு கையில் பேஸையும் மறு கையில் நியூட்ரலையும் பிடித்துவிட்டால் பூமிக்கு எதுவும் கசியாது, ஆகவே ஆர்சிசிபியும் விழாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். எர்த் இணைப்பு சரியாக இருக்க வேண்டும் என்பதற்கும் இது மாற்று ஆகாது.

பழைய வீடுகளில் இதைப் பொருத்தியவுடன் அடிக்கடி விழுவதாகப் புகார் வரும். பெரும்பாலும் இரண்டு சர்க்யூட்டின் நியூட்ரல் எங்கோ ஒன்றாக முறுக்கப்பட்டிருக்கும், அல்லது கீசர் காயிலில் கசிவு இருக்கும். அந்தக் கோளாற்றைத் தேடிச் சரிசெய்வதற்குப் பதிலாக, ஆர்சிசிபியையே தாண்டி ஒயர் போட்டுவிட்டுப் போகும் ஆட்கள் எங்கள் தொழிலிலும் இருக்கிறார்கள். அப்படிச் செய்யச் சொல்லி வற்புறுத்தும் வீட்டுக்காரர்களும் இருக்கிறார்கள்.


நொய்யல் (காங்கயம்) எழுதியது:

வீட்டுச் சமையலறையிலிருந்து ஒன்று சொல்கிறேன். செக்கெண்ணெய்க்கு நாங்கள் கூடுதலாகத்தான் கொடுக்கிறோம். ஆனால் "மரச்செக்கு" என்று பலகை வைத்த கடையில் புட்டியாக வாங்குவதில்லை. நிலக்கடலைப் பருப்பை நாங்களே வாங்கி, வெயிலில் காயவைத்து, சுருங்கியது, கறுத்தது, பூஞ்சை பிடித்தது எல்லாவற்றையும் முறத்தில் பொறுக்கிக் கழித்துவிட்டு, செக்கில் கூலி கொடுத்து ஆட்டி எடுத்து வருகிறோம். நல்லெண்ணெய் என்றால் எள்ளோடு கருப்பட்டியும் சேர்த்து ஆட்டுவார்கள். புண்ணாக்கு வீட்டு மாட்டுக்கு ஆகிறது.

மலிவு செக்கெண்ணெயை ஏன் நம்புவதில்லை என்பதற்கு ஒரு சிறு கணக்குப் போதும். ஒரு லிட்டர் கடலை எண்ணெய்க்கு இரண்டே கால் முதல் இரண்டரை கிலோ வரை பருப்பு வேண்டும். பருப்பு கிலோ 120 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். பருப்புக்கு மட்டுமே 270 முதல் 300 ரூபாய் ஆகிவிட்டது. ஆட்டுக்கூலி, புட்டி, கடை வாடகை எல்லாம் இனிமேல்தான். புண்ணாக்கை விற்றுக் கொஞ்சம் ஈடுகட்டலாம், அவ்வளவே. அந்தப் பருப்பு விலையில் ஒருவர் "சுத்தமான மரச்செக்கு எண்ணெய், லிட்டர் 200 ரூபாய்" என்று விற்றால், மீதி எண்ணெய் எங்கிருந்து வந்தது என்று அவரிடம்தான் கேட்க வேண்டும். மற்றபடி வடை, பஜ்ஜி பொரிப்பதற்கு நான் ரேஷன் பாமாயிலைத்தான் வைக்கிறேன். தாளிக்கவும் பொடிக்கு ஊற்றவும் இட்டிலிக்குத் தொட்டுக்கொள்ளவும் மட்டும்தான் இந்த எண்ணெய்.


சோதனைக்குழாய் (சென்னை) எழுதியது:

நொய்யல் அக்காவின் கணக்கு கச்சிதம். ஆனால் உணவு ஆய்வகத்தில் வேலை செய்பவன் என்ற முறையில் ஒரு மாற்றுக் கருத்தைப் பதிவு செய்கிறேன். செக்கெண்ணெய் என்றாலே உடம்புக்கு நல்லது, ரீஃபைண்ட் எண்ணெய் என்றாலே விஷம் என்று பரவியிருக்கும் பேச்சுக்கு ஆதாரம் போதாது. கடலை ஈரப்பதத்தில் கிடந்தால் அதில் ஒரு வகைப் பூஞ்சை வளர்ந்து அஃப்ளடாக்ஸின் என்ற நச்சை உண்டாக்கும். கல்லீரலைக் கெடுக்கக்கூடிய பொருள் அது. சமையல் சூட்டில் அது முழுதாக அழிவதில்லை. ஆட்டும்போது பெரும்பங்கு புண்ணாக்கில் தங்கிவிட்டாலும் ஒரு பகுதி எண்ணெயோடு வரும். ரீஃபைண்ட் செய்யும்போது அல்கலி எனும் காரப்பொருள் சேர்க்கும் கட்டத்தில் அது நீங்கிவிடுகிறது. செக்கெண்ணெயில் அந்தக் கட்டமே கிடையாது. ஆகவே கெட்ட கடலையில் ஆட்டிய செக்கெண்ணெயைவிட முறையாகச் செய்த ரீஃபைண்ட் எண்ணெய் பாதுகாப்பானது. வாசனைக்காகவும் ருசிக்காகவும் கூடுதல் விலை கொடுப்பதை நான் குறை சொல்லவில்லை. மருந்து என்று நினைத்துக் கொடுக்க வேண்டாம் என்கிறேன்.


நொய்யல் (காங்கயம்) எழுதியது:

பொறுக்கிக் கழிப்பதைப் பற்றி நான் எழுதியதே அதற்காகத்தான், தம்பி. எங்கள் மாமியார் அதற்கு அறிவியல் பெயர் சொன்னதில்லை. கசந்த பருப்பு ஒன்று விழுந்தால் ஒரு செக்கு எண்ணெயும் கெட்டுவிடும் என்று மட்டும் சொல்வார். பொறுக்க நேரம் இல்லாதவர்கள் செக்கெண்ணெய் வாங்குவதில் பொருள் இல்லை என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். நீங்கள் சொன்ன பிறகு புண்ணாக்கைப் பற்றியும் யோசிக்கிறேன். பாலில் அந்த நச்சு வருமா?


சோதனைக்குழாய் (சென்னை) எழுதியது:

வரும், அக்கா. மாடு தின்ற நச்சில் ஒரு சிறு பங்கு சற்றே மாறிய வடிவில் பாலில் இறங்கும். பொறுக்கிய பருப்பின் புண்ணாக்கு என்றால் அச்சம் குறைவு. மழைக்காலத்தில் புண்ணாக்கை மூட்டையாகத் தரையில் வைக்காமல் பலகை மேல், காற்று படும்படி வையுங்கள்; பூசணம் கண்டதை மாட்டுக்கு வைக்காதீர்கள்.


பாத்திரக்கடை (கும்பகோணம்) எழுதியது:

எங்கள் தொழிலைப் பற்றி யாரும் இன்னும் பேசவில்லை. எவர்சில்வர் பாத்திரத்தில் கூடுதல் விலை எதற்கு என்று பல வாடிக்கையாளர்களுக்குத் தெரிவதில்லை; பளபளப்புக்கும் மேலே வெட்டிய பூ வேலைக்கும் கொடுக்கிறார்கள், தகட்டுக்குக் கொடுக்கத் தயங்குகிறார்கள்.

சந்தையில் பெரும்பாலும் இரண்டு வகைத் தகடு புழங்குகிறது. ஒன்று 304, அதில் குரோமியம் சுமார் 18 விழுக்காடு, நிக்கல் சுமார் 8 விழுக்காடு. பாத்திரத்தின் அடியில் 18/8 என்று முத்திரை இருந்தால் அதுதான். மற்றது 202 முதலான 200 வரிசை. விலையுயர்ந்த நிக்கலைக் குறைத்து மாங்கனீசு சேர்த்துச் செய்வது. கிலோ விலையில் நல்ல வித்தியாசம் வரும். புதிதாக இருக்கும்போது இரண்டையும் கண்ணால் பிரித்தறிய முடியாது. காந்தம் கொண்டுவந்து ஒட்டிப் பார்க்கிறார்கள். அதனாலும் பயன் இல்லை, ஏனென்றால் இரண்டிலும் காந்தம் பெரும்பாலும் ஒட்டாது. ஆழமாக இழுத்து உருவாக்கிய பாத்திரத்தின் விளிம்பில் நல்ல 304கூட இலேசாக ஒட்டும். அதைப் பார்த்துவிட்டு "போலி" என்று சண்டை போட்டவர்கள் உண்டு. ஆகவே முத்திரையைப் பாருங்கள், பில்லில் தகட்டின் வகையை எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தர மறுக்கும் கடையில் வாங்க வேண்டாம்.

எல்லாவற்றுக்கும் 304 தேவையா என்றால் தேவையில்லை. அரிசி டின், பருப்பு டப்பா, தட்டு இவற்றுக்கு 202 தாராளமாகப் போதும். நான் வியாபாரி, இருந்தாலும் சொல்கிறேன். உப்பும் புளியும் தயிரும் மணிக்கணக்கில் தங்கும் பாத்திரத்துக்குத்தான் 304 கேட்க வேண்டும்: ஊறுகாய்ச் சாடி, புளிக்குழம்பு வைக்கும் பாத்திரம், தயிர்ப் பானை, பிள்ளைகள் பள்ளிக்குக் கொண்டுபோகும் சாப்பாட்டு டப்பா. 202 தகட்டில் உப்பு பட்ட இடத்தில் ஊசி குத்தியதுபோல் புள்ளிகள் விழுவதைப் பழைய உப்பு டப்பாவின் அடியில் நீங்களே பார்த்திருப்பீர்கள்.

தகட்டின் வகையோடு கனத்தையும் பாருங்கள். ஒரே அளவுள்ள இரண்டு பாத்திரத்தைத் தராசில் வைத்தால் ஒன்று முக்கால் கிலோ, மற்றது ஒரு கிலோ என்று வரும். கனமில்லாத பாத்திரத்தில் பால் அடிப்பிடிக்கும், கைப்பிடி வைத்த இடத்தில் ரிவிட் ஆட்டம் கொடுக்கும். பொதுவாகவே, வெளியே தெரியாத இடத்துக்குக் கொடுக்கும் காசுதான் நெடுநாள் நிற்கிறது.


கணக்குப்பிள்ளை (சேலம்) எழுதியது:

இழை போகும் போக்கைப் பார்த்தால் சிக்கனம் பற்றிய இழையில் எல்லாரும் செலவுக்கு வழி சொல்லிக்கொண்டிருக்கிறோம். விலை கூடியதே நல்லது என்ற நினைப்பு எங்கெல்லாம் பொய் என்பதையும் எழுதினால்தான் இந்தக் கூடுதல் செலவுக்குப் பணம் கிடைக்கும்.

எனக்கு முதலில் தோன்றுவது மாத்திரை. இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாதந்தோறும் வாங்கும் மாத்திரைகளில் மருத்துவர் எழுதிய மூலப்பொருளும் அளவும் மாறாமல், பொதுப்பெயர் மருந்தாக மக்கள் மருந்தகத்தில் பாதி விலைக்கும் குறைவாகவே பல கிடைக்கின்றன. 2025 பிப்ரவரியில் தமிழக அரசு தொடங்கிய முதல்வர் மருந்தகங்களும் இப்போது இருக்கின்றன. மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு மாற்றிக்கொள்ளலாம். இரண்டாவது, துண்டு. கெட்டியான தேங்காய்ப்பூத் துண்டுக்கு நானூறு, ஐந்நூறு ரூபாய் கொடுக்கிறோம். ஐப்பசி, கார்த்திகை மழையில் அது இரண்டு நாளானாலும் காயாமல் வாடை அடிக்கும். ஈரிழைத் துண்டு நூற்றைம்பது ரூபாய்க்குக் கிடைக்கும். பிழிந்து கொடியில் போட்டால் மதியத்துக்குள் காய்ந்துவிடும். நம் ஊர்ச் சீதோஷ்ணத்துக்கு மலிவானதே மேலான பொருள்.

காப்பித்தூளில் மட்டும் நான் பிடிவாதக்காரன். காப்பி, சிக்கரிக் கலவையில் சட்டப்படி காப்பி 51 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது. அதாவது ஏறக்குறையப் பாதிவரை சிக்கரி இருக்கலாம். பாக்கெட்டில் விழுக்காடு அச்சிட்டிருக்கும், யாரும் படிப்பதில்லை. கலவைத் தூள் விலை குறைவு என்று வாங்குபவர்கள் சிக்கரிக்கும் காப்பி விலை கொடுக்கிறார்களா என்று ஒரு தடவை வகுத்துப் பார்க்கட்டும். எண்பதுக்கு இருபது கலந்து, கண்ணெதிரே அரைத்து, வாரத்துக்கு வேண்டிய நூறு கிராம் மட்டும் வாங்குவது என் வழக்கம். இதில் விவாதத்துக்கு இடமில்லை.


நெல்லைச்சீமை (பாளையங்கோட்டை) எழுதியது:

காப்பியில் விவாதத்துக்கு இடமில்லை என்று சொன்னதே விவாதத்துக்கு உரியது. சுக்குக் காப்பி குடிப்பவர்களும் இந்த இழையில் இருக்கிறோம். துண்டு விஷயத்தில் நூற்றுக்கு நூறு உடன்படுகிறேன். படுக்கை விரிப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: கோ-ஆப்டெக்ஸில் தீபாவளிக்கு 30 விழுக்காடு தள்ளுபடி தரும்போது சென்னிமலை விரிப்புகளை எடுத்து வைத்தால், நல்ல பருத்தியைச் சாதாரண விலைக்கே வாங்கிவிடலாம்.


இருசக்கரம் (கோவை) எழுதியது:

தலைக்கவசம் இல்லாமல் பிடிபட்டால் நம் மாநிலத்தில் அபராதம் 1,000 ரூபாய். ஏறக்குறைய அதே தொகைக்கு முறையான தலைக்கவசமே கிடைக்கிறது. ஆனால் சாலையோரத்தில் கம்பியில் தொங்கவிட்டு 250 ரூபாய்க்கு விற்பதைத்தான் பலர் வாங்குகிறார்கள். அது காவலருக்குக் காட்டும் தொப்பி.

தலைக்கவசத்தில் வேலை செய்வது வெளி ஓடு மட்டும் என்று நினைக்கிறோம். ஓடு கூர்மையானவை உள்ளே இறங்காமல் தடுத்து, அடியைப் பரப்பிவிடும். அந்த அடியின் வேகத்தை உண்மையில் வாங்கிக்கொள்வது உள்ளே இருக்கும் தெர்மகோல் போன்ற வெள்ளைப் படலம். அது நசுங்குவதற்காகவே வைக்கப்பட்டது; அது நசுங்க எடுத்துக்கொள்ளும் நேரத்தில்தான் தலை நிதானமாக நிற்கிறது, மூளை மண்டையோட்டில் மோதும் வேகம் குறைகிறது. மலிவுக் கவசத்தின் உள் துணியை விலக்கிப் பார்த்தால் அந்தப் படலம் காகிதக் கனத்தில் இருக்கும், அல்லது வெறும் பஞ்சு மெத்தைதான் இருக்கும். ஒரு முறை பலமாக அடிபட்ட கவசத்தை, வெளியே கீறல்கூட இல்லாவிட்டாலும், மறுபடி அணியக் கூடாது என்று சொல்வதற்கும் இதுதான் காரணம்: நசுங்கிய படலம் மீண்டும் உப்புவதில்லை.

2021 ஜூன் 1 முதல் இருசக்கர வாகனத் தலைக்கவசம் ஐஎஸ்ஐ முத்திரை இல்லாமல் விற்பதே சட்ட விரோதம். தரக் குறியீடு ஐஎஸ் 4151. முத்திரையையும் போலியாக ஒட்டுகிறார்கள் என்பதால், அதன் கீழே சிஎம்/எல் என்று தொடங்கும் உரிம எண்ணைப் பிஐஎஸ் கேர் செயலியில் தட்டிப் பாருங்கள். யாருக்கு, எந்தப் பொருளுக்கு அந்த உரிமம் தரப்பட்டது என்று காட்டும். ஒயர், குக்கர், கேஸ் குழாய் என்று ஐஎஸ்ஐ உள்ள எதற்கும் இதே வழி பயன்படும். இரண்டாயிரத்துக்கு மேல் போனால் நீங்கள் வாங்குவது பெரும்பாலும் எடைக்குறைவும் காற்றோட்டமும் வண்ணமும்தான். வசதி இருந்தால் வாங்கலாம், இல்லாவிட்டால் குறையொன்றும் இல்லை. அளவு சரியாக இருப்பதும் தாடைப் பட்டையைப் பூட்டுவதும் விலையைவிட முக்கியம். பின்னால் உட்காரும் வீட்டுக்காரம்மாவுக்குப் பழைய கவசத்தைக் கொடுத்துவிட்டுத் தாம் புதியதைப் போட்டுக்கொள்ளும் கணவர்களைப் பற்றித் தனி இழைதான் தொடங்க வேண்டும்.


நொய்யல் (காங்கயம்) எழுதியது:

இருசக்கரம் தம்பி கேஸ் குழாயைக் குறிப்பிட்டதால் ஒன்று. உள்ளே எஃகுக் கம்பிப் பின்னல் உள்ள ஆரஞ்சு நிற சுரக்ஷா குழாய் இருநூறு ரூபாய் அளவில்தான் வரும். ஐந்து ஆண்டில் மாற்ற வேண்டும். ஆண்டு அதன் மேலேயே அச்சிட்டிருக்கும். குக்கருக்கும் அப்படித்தான்: கேஸ்கட்டும் சேஃப்டி வால்வும் அந்தந்த நிறுவனத்துடையதையே போட வேண்டும். தண்ணீர் வற்றிச் சூடு ஏறினால் உருகி வழிவிட வேண்டிய உலோகம் அந்த வால்வுக்குள் இருக்கிறது. பிளாட்பாரத்தில் இருபது ரூபாய்க்கு வாங்கியதில் அது எந்தச் சூட்டில் உருகும் என்று யாருக்கும் தெரியாது.


செவிலி (வேலூர்) எழுதியது:

சர்க்கரை நோயாளிகளின் கால் புண் பிரிவில் பல ஆண்டுகளாக வேலை செய்கிறேன். வீட்டில் சர்க்கரை உள்ளவர் இருந்தால் அவருடைய செருப்புக்குச் செலவழிக்கத் தயங்காதீர்கள் என்பதே நான் சொல்ல வந்தது.

ஆண்டுக்கணக்கில் சர்க்கரை கட்டுப்படாமல் இருந்தால் பாதத்தின் உணர்ச்சி குறைந்துவிடும். செருப்புக்குள் கிடக்கும் ஒரு கல், வார் ஆணியின் முனை, இறுக்கமான ஓரம் எதுவும் தெரியாது. நமக்கெல்லாம் வலி வந்து காலை எடுத்துவிடுகிறோம். அவர்கள் மாலைவரை அதன் மேலேயே நடந்துவிட்டு, காலுறையில் ஈரம் கண்டபிறகுதான் பார்ப்பார்கள். எம்சிஆர் செருப்பு என்று கேட்டால் பெரிய ஊர்களில் கிடைக்கும். மிருதுவான ரப்பர் உள்ளடி, அதன் கீழே முள்ளும் ஆணியும் எளிதில் துளைக்காத கெட்டியான வெளியடி, குதிகாலைச் சுற்றிப் பின்வார், உள்ளே ஆணி அடிக்காமல் ஒட்டித் தைத்த வேலைப்பாடு. விலை 500 முதல் 1,000 ரூபாய்க்குள் இருக்கும். சாதாரண ரப்பர் செருப்பைவிட நான்கைந்து மடங்கு; ஆறாத புண்ணுக்கு ஒரு மாதம் கட்டுக் கட்டும் செலவில் மிகச் சிறு பங்கு. விரலிடுக்கில் வார் வரும் மாடல் உணர்ச்சி குறைந்தவர்களுக்கு வேண்டாம். அது கழன்று போனாலும் தெரியாது, இடுக்கில் புண்ணும் ஆகும். மாலையில் பாதம் சற்று வீங்கியிருக்கும் என்பதால் அந்த நேரத்தில் அளவு பார்த்து வாங்குங்கள். உள்ளடி அமுங்கித் தட்டையாகிவிட்டால், மேலே புதிதாகத் தெரிந்தாலும் மாற்றிவிட வேண்டும்.

பங்குனி, சித்திரையில் எங்களிடம் ஒரே மாதிரியான தீக்காயங்கள் வரும். நண்பகலில் கோயில் பிரகாரத்தின் கருங்கல் தளத்தில் வெறுங்காலோடு சுற்றி வந்தவர்கள். சுட்டது அவர்களுக்குத் தெரிந்திருக்காது. பாதம் முழுதும் கொப்புளம். செருப்புக்கு இடமில்லாத இடத்தில் கெட்டியான பருத்திக் காலுறையாவது அணிந்து, காலை ஏழு மணிக்குள் தரிசனத்தை முடித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.


போடிமெட்டு (தேனி) எழுதியது:

மெத்தையைப் பற்றி யாரும் எழுதாதது வியப்பு. எங்கள் போடிப் பக்கம் இலவம் பஞ்சுக்குப் பேர்போனது. நல்ல இலவம் பஞ்சு மெத்தை மலிவு அன்று; கடையில் தள்ளுபடியில் போடும் ஃபோம் மெத்தை அதைவிடக் குறைவாகவே கிடைக்கும். ஆனால் ஃபோம் நடுவில் குழிந்துவிட்டால் அதற்கு வைத்தியம் இல்லை, தூக்கி எறிய வேண்டியதுதான். இலவம் மெத்தை கட்டிபட்டுப்போனால் பிரித்து, பஞ்சை வெயிலில் காயவைத்து, அடித்து உதிர்த்து, குறைந்த அளவுக்குப் புதுப் பஞ்சு சேர்த்து, புது உறையில் திணித்து வாங்கிக்கொள்ளலாம். விலையில் பெரும்பகுதி பஞ்சுக்கு. அந்தப் பஞ்சு மறுபடியும் பயன்படுகிறது.

கலப்படம் உண்டு. மில் கழிவுப் பஞ்சைக் கலந்துவிடுவார்கள். உறை தைக்கும் முன் ஒரு பிடி கேட்டு வாங்கித் தண்ணீரில் போடுங்கள். இலவம் பஞ்சின் மேல் இயற்கையான மெழுகுத்தன்மை உண்டு, நனையாமல் மிதக்கும்; கழிவுப் பஞ்சு தண்ணீரைக் குடித்துவிட்டு அமிழும். இந்தச் சோதனைக்கு முகம் சுளிக்கும் கடையில் தலையணைகூட வாங்காதீர்கள். மூச்சிளைப்பு உள்ளவர்கள் இருக்கும் வீட்டில் மட்டும் யோசித்துச் செய்யுங்கள். பஞ்சின் நுண்ணிய துகள் வெளிவராத நெருக்கமான நெசவு உறை தேவைப்படும்.


வைகைக்கரை (மதுரை) எழுதியது:

எதிர்பார்த்ததைவிடப் பயனுள்ள இழையாகிவிட்டது. கணக்குப்பிள்ளை ஐயா சொன்னபடி தாயாரின் மாத்திரைச் சீட்டை எடுத்துக்கொண்டு அடுத்த முறை மருத்துவரிடம் கேட்கப் போகிறேன். அங்கே மிச்சமாவது அவருடைய செருப்புக்கு. ஒயர்மேன் அவர்களிடம் ஒரு சந்தேகம்: நாங்கள் இருப்பது வாடகை வீடு. மெயின் போர்டில் ஆர்சிசிபி இல்லை என்று நேற்று திறந்து பார்த்துத் தெரிந்துகொண்டேன். வீட்டு உரிமையாளர் செலவழிக்க முன்வரவில்லை என்றால் நாங்கள் என்ன செய்வது? காலி செய்யும்போது அந்தப் பணம் போய்விடுமே.


ஒயர்மேன் (திருச்சி) எழுதியது:

போகாது. முதலில் உரிமையாளரிடம் பொருளுக்கு மட்டும் பாதிச் செலவு கேட்டுப் பாருங்கள். பலர் "வேண்டாம்" என்பது செலவுக்காக இல்லை, சுவரை உடைப்பார்களோ என்ற பயத்தால்தான். பெரும்பாலான போர்டுகளில் உடைக்க வேண்டியதில்லை. மெயின் சுவிட்சுக்குப் பக்கத்தில் சிறு பிளாஸ்டிக் பெட்டி வைத்து, அதில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபியை மாட்டி இணைத்துவிடலாம். ஒரு மணி நேர வேலை. மின்வாரிய மீட்டரையும் அதன் சீலையும் யாரும் தொடக் கூடாது, அதற்கு அடுத்து வரும் நம் பக்கத்து ஒயரில்தான் வேலை. உரிமையாளரிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள், உரிமம் பெற்ற ஆளை வைத்துச் செய்யுங்கள். காலி செய்யும்போது அதே ஆளைக் கூப்பிட்டால் கழற்றிவிட்டுப் பழையபடி இணைத்துத் தருவார். பெட்டியோடு அடுத்த வீட்டுக்கு எடுத்துப் போகலாம். அந்த வீட்டின் மொத்தப் பளு எத்தனை ஆம்பியர் என்பதை மட்டும் மறுபடி பார்த்துக்கொள்ள வேண்டும். 25 ஆம்பியரா, 40 ஆம்பியரா என்ற குழப்பம் இருந்தால் இப்போதே 40 வாங்கிவிடுங்கள், விலையில் பெரிய வித்தியாசம் வராது. மூன்று பேஸ் வீடாக இருந்தால் நான்கு முனை உள்ளது வேண்டும், அதற்கு விலை கூடும். உங்கள் வீட்டுக்கு எத்தனை பேஸ் வருகிறது என்று எழுதுங்கள், மேற்கொண்டு சொல்கிறேன்.